கேட்காமல் போன கூச்சல்

பழவேற்காடு அருகே ஒரு குப்பத்தில் இருக்கிறோம். மீன் லோடு ஏற்றிய பழைய வேனை, நானும் என் மனைவி செல்வியும் ஊர் சுற்றுவதற்காகப் படுக்கை போட்ட வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தேன். இரைச்சல் வராதபடி சுவர், கதவு எல்லாவற்றிலும் தெர்மாகோல் அடைத்து, மேலே பிளைவுட் அறைந்தேன். கூரையில் காற்றுக்கு ஓட்டை போடுவது மட்டும் பாக்கி.

நல்ல உச்சிவெயில். செல்வியை வெளியே நிறுத்தி, "உள்ள போய் கத்துறேன். உனக்குக் கேக்கலன்னா வேலை முடிஞ்சிச்சினு அர்த்தம்" என்று சொல்லி, பின்கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஆசை தீரக் கத்திவிட்டுத் திறக்கப் போனபோதுதான் உறைத்தது. கதவின் உள்பக்கக் கைப்பிடியையும் சேர்த்து பிளைவுட்டால் மூடியிருந்தேன்! டிரைவர் சீட்டுப் பக்கம் தகரத் தடுப்பு. போன் வீட்டில்.

"செல்வி, கதவத் தொற!" என்று அலறினேன். அவளோ எதுவும் கேட்காத திருப்தியில் குழம்பு வைக்கப் போய்விட்டிருந்தாள். உள்ளே அனல். மூச்சு முட்டியது. பிளைவுட்டைப் பிய்க்கப் போய் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் இரண்டு பக்கமும் மாறி மாறி மோதி வண்டியையே ஆட்டினேன்.

கதவு திறந்தது. "இன்னாத்துக்குயா வண்டிய இந்த ஆட்டு ஆட்டுற? சத்தமே வரல, சூப்பரா கீது!" என்று சிரித்தவள், நான் மணலில் சரிந்ததும் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

மறுநாளே பிளைவுட்டை வெட்டி, உள்பக்கக் கைப்பிடியை வெளியே தெரியும்படி செய்தேன். கூரையிலும் ஓட்டை போட்டேன். இப்போதெல்லாம் வண்டிக்குள் ஏறும்போது செல்வியிடம் சொல்வது ஒன்றுதான்: "என் சத்தம் கேக்கலன்னா ஓடி வந்து கதவத் தொற."