தலை விழாத படம்

உலகச் சண்டை நடந்த காலம். ஒரு சந்தை நாளில் வேலூர்க்காரர் ஒருவர் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு சந்தவாசல் தெருவில் அலைந்தார். யாரையும் நிற்கச் சொல்லாமல், நடக்கிற ஆளையும் மாட்டையும் அப்படியே பிடித்துக்கொண்டு போனார். அன்று காலையில்தான் எங்கள் நைனா, மூங்கில் வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பியிருந்தார்.

ஒரு மாதமாகியும் அவர் திரும்பவில்லை. மலையில் விஷக்காய்ச்சல் என்றார்கள். சாயங்காலமானால் அம்மா மலைப்பாதையில் போய் நின்று, இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் விசாரிப்பாள். யாரும் நைனாவைப் பார்த்திருக்கவில்லை. அதற்கு முன் ஒருமுறை, போளூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நைனா பேச்செடுத்தபோது, அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

வேலூர்க்காரர் மறுபடி வந்து டீக்கடை பெஞ்சில் படங்களைப் பரப்பினார். அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் வண்டிச்சக்கரத்தின் வளைவு, மறுபக்கம் மாட்டுக்கொம்பின் வளைவு. இரண்டுக்கும் நடுவே, வெள்ளை வெயிலில், கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத ஓர் ஆள். சட்டைத் தோளில் அம்மா போட்ட ஒட்டு. நைனாதான்.

தலை எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"மூஞ்சி இருந்தா எல்லாரும் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. நான்தான் வேணும்னே வுட்டுட்டேன். இப்ப உன் கண்ணு எங்க போவுது, சொல்லு?"

என் கண் அந்த இல்லாத தலையிலேயே நின்றது. தலையில்லாமல் படத்தில் விழுந்தவன் உயிரோடு இருப்பானா என்று யோசித்தேன். படத்தை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். வீடு வரைக்கும் ஓடினேன்.

அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். "இன்னாடா இது, தலயக் காணோம்" என்றாள். அவள் விரல் தோள் ஒட்டிலிருந்து கீழே இறங்கியது. சக்கரத்தின் நிழல் தரையில் சாய்ந்து போன வழியிலேயே போய், பாதத்தில் நின்றது.

"செருப்பு போட்டுக்கினு இருக்காரு."

"அப்ப முள்ளு குத்தியிருக்காதும்மா" என்றேன், ஆறுதலாக.

மலை ஊர்களுக்குள் செருப்புக்கால் வைக்கக்கூடாது. மலைக்குப் போகும்போதெல்லாம் நைனா செருப்பைக் கூரையில் செருகிவிட்டுத்தான் போவார். அம்மா எட்டிக் கூரைக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெறுங்கையை வெளியே எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் மலைப்பாதைக்குப் போகவில்லை. போளூர் ரோட்டைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். களைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாக நான் போய் நின்றேன். மலையிலிருந்து யார் இறங்கினாலும் முதலில் தலை இருக்கிறதா என்று பார்த்தேன்.