மோர்க்குழம்பில் மோர் இல்லை

என் மகள் பிருந்தா வீகனாக மாறிய பிறகு எங்கள் ஜனக்புரி வீட்டில் பால்கார பையாவை நிறுத்திவிட்டோம். மாமியார் சொல்லிக்கொடுத்த மோர்க்குழம்பை மட்டும் விட மனம் வரவில்லை. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, காய்ச்சி, மிளகாய்க் காம்பு போட்டுப் புளிக்கவைத்தேன். குழம்பு திரியாமல் வந்தது. நாளடைவில் அதையே தயிர் என்று சொல்லப் பழகிவிட்டோம்.

போன மாதம் என் நாத்தனார் சாப்பிட வந்தாள். நிலக்கடலை அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவள். உட்காரும்போதே கேட்டாள்: "மதினி, கடலை எதுலயும் இல்லையே?"

பொரியல், துவையல், எண்ணெய் எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல, தைரியமா சாப்பிடு" என்றேன்.

அவள் சோற்றில் மோர்க்குழம்பை விட்டுப் பிசைந்தாள். பிருந்தாவும் ஊற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும், வாய்க்கருகே போன நாத்தனாரின் கை அப்படியே நின்றது.

"நீதான் மோரே தொடமாட்டியே, இதை எப்படிச் சாப்பிடுற?"

"இது கடலைத் தயிர், அத்தை."

கவளம் தட்டில் விழுந்தது. அவள் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். உதடு வீங்குகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இப்போது யார் வந்தாலும், எதில் என்ன போட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறேன். நாத்தனார் இப்போதும் வருகிறாள். கடலை இருக்கிறதா என்று இப்போதும் கேட்கிறாள். ஆனால் என்னிடம் அல்ல, பிருந்தாவிடம்.