கடல் பக்கத்துச் சுவர்

பினாங்குத் தீவின் தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்தபடி எங்களுக்கு ஒரு பலகை வீடு இருந்தது. முன்னால் ஒரு பெரிய அறை, பின்னால் சமையலறை, அவ்வளவுதான். நான் அப்போது துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணி.

வீட்டைக் கட்டியபோதே சீன ஆசாரி மலாயில் சொன்னார்: "கடல் பக்கத்துக்குச் செங்கால் மரம் போடு. மெராந்தி மரம் இங்க நிக்காது."

சற்றுத் தள்ளி நின்ற என் மனைவிக்கு அது செங்கல் என்று காதில் விழுந்திருக்கிறது. "செங்கல் சுவரா வைக்கப் போறோம்?" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

நான் மெராந்தியைத்தான் எடுத்தேன். செங்கால் கனமான மரம், ஆணியே இறங்காது. மெராந்தியை இழைத்தால் வழுவழுவென்று வந்தது, வெள்ளைச் சாயத்தை அழகாக ஏற்றுக்கொண்டது. கடலோரத்து வெள்ளைக்காரர் வீடுகளைப் போல என் வீடும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் சாயம் கொப்புளித்து உரியும். சுரண்டிவிட்டு மறுபடி பூசுவேன். உள்ளே புகுந்த ஈரத்தை நானே சாயம் போட்டு மூடி வைக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரு பலகையை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று அதே ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் காலையில் வந்து பலகைகளைக் கழற்றினார். அவற்றைத் தாங்கிய குத்துக்கால்களும் இற்றுப் போயிருந்தன.

"இதுல ஆணி நிக்காது. புது மரம் வேணும்."

"எப்ப வரும்?"

"பெருநாள் முடிஞ்சு."

சீனப் பெருநாளுக்கு மூன்றே நாள் இருந்தது. மரக்கடைகளை அதற்குள் மூடிவிட்டார்கள், திறக்கப் பதினைந்து நாளாகும். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமலில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பழைய பலகைகளையே திருப்பி அடித்துத் தரும்படி கெஞ்சினேன். அவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். கையிலேயே இரண்டாக உடைந்தது.

கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்துக் கிராமத்து மலாய் மீனவர் தம் படகின் பழைய பாய்த்துணியைக் கொடுத்தார். அதைத் தொங்கவிட்டோம். பகலெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. துணி விலகும்போதெல்லாம் கடற்கரையில் போகிறவர்கள் உள்ளே பார்த்தார்கள். அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அங்கும் காற்று புகுந்து அடுப்புப் புகையை அவள் முகத்தில் அடித்தது.

பெருநாளன்று முற்பகலில் வலி கண்டது. மலாய் மருத்துவச்சி வந்ததும் வராததுமாகச் சுவர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"பிள்ளை பெறுகிற வீட்டில் இவ்வளவு காற்றா? சுவர் எங்கே?"

துணியின் கீழ் ஓரத்தைக் காலால் மிதித்து, பக்க ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். சீனர் கம்பத்தில் பட்டாசு ஓயாமல் வெடித்தது. மகள் பிறந்து அழுத சத்தம் என் காதில் விழவே இல்லை. மருத்துவச்சி வந்து தோளைத் தட்டித்தான் சொன்னாள்.

நாலாம் நாள் குழந்தைக்குச் சளி கட்டியது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார். துணியை விலக்கிக் கடலைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மாப்பிள்ளை, தங்கச்சியும் புள்ளையும் என்கூட வரட்டும்லா. சுவரு வச்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

"சரிங்க மச்சான்."

படகுத்துறை வரை போய் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

பெருநாள் முடிந்து மரம் வந்தது. இந்த முறை செங்கால். ஆசாரி முதலில் துளையிட்டுச் செம்பு ஆணி அடித்தார். "சாயம் வேணாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் பூசு. நரைச்சுப் போகும், போகட்டும்," என்றார்.

மூன்று மாதம் கழித்து, குழந்தை நன்றாகத் தேறிய பிறகு, இருவரையும் கூட்டி வந்தேன். சுவரைத் தட்டிக் காட்டினேன்.

"இது நம்ம காலத்துக்கும் நிக்கும்."

"அந்த வெள்ளைச் சுவரையும் இப்படித்தானேங்க சொன்னீங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

தொட்டிலைச் சமையலறையிலேயே கட்டச் சொன்னாள். கட்டினேன். பிறகு எத்தனையோ வருஷம் எண்ணெய் பூசினேன். ஒரு பலகைகூட அசையவில்லை. ஆனாலும் அந்தப் பெரிய அறையில் அவள் ஒரு நாளும் படுக்கவில்லை. மகள் நடக்கத் தொடங்கி அங்கே ஓடினால், பின்னாலேயே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.