திரும்பி வராத ஒரே மெயில்

அந்தச் செருப்புக் கம்பெனியில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு விளம்பர மெயில் அனுப்புவதும், போய்ச் சேராத முகவரிகளைப் பட்டியலிலிருந்து வெட்டுவதும் அவள் வேலை. வெட்டுவதில் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. அது முதலாளி கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். கம்பெனி அனுப்பும் மெயில் எதுவும் யார் கண்ணிலும் படாமல் குப்பைப் பெட்டியில் போய் விழுகிறது என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு மூக்குக்கு மேலே கோபம். கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, கையில் இருந்த ஸ்டேப்ளரை வீசினார். சுவரைப் பார்த்துத்தான் வீசினேன் என்று பிறகு சொன்னார். சுவர் அவளுக்கு இரண்டு அடி தள்ளி இருந்தது. ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கீபோர்டில் விழுந்தது. பக்கத்து மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர், மீசை என்று பெயர் வாங்கியவர், பேயறைந்த மாதிரி நின்றார்.

அவள் கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே பேசினாள்.

"சார், நூறு மெயில் அனுப்பினா பதினொண்ணு திரும்பி வருது. அதுல ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு, பெட்டி ரொம்பி வழியுது, இல்ல அவங்க சர்வர் படுத்திருக்கு. அதை மூணு தடவை அனுப்பிப் பாக்கலாம். இன்னொண்ணு, அந்த முகவரியே இல்ல. செத்துப்போச்சு. செத்த முகவரிக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினா, மெயில் கம்பெனிக்காரன் நம்மளத் திருட்டுப்பயன்னு நினைச்சுக்குவான். அப்புறம் உயிரோட இருக்கறவங்களுக்கும் போக விடமாட்டான்."

"அப்ப என்னதான் பண்ணணுங்கற?"

"வெட்டணும்."

நீ ஏன் அன்றைக்கே வேலையை விடவில்லை என்று அவளைக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் அடி வாங்கி வளராதவர்கள். அவளுடைய அப்பா பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டால், அக்காவான அவளும் தங்கையும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் போய் உட்கார்ந்து கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். தங்கை அழாமல் இருக்க, அக்கா அவள் காதுக்குள் எண் எண்ணுவாள். முந்நூறு வரைக்கும் எண்ணினால் பெரும்பாலும் அவர் தூங்கியிருப்பார். அப்படி வளர்ந்தவளுக்கு ஒரு ஸ்டேப்ளர் பெரிய விஷயமாகப் படவில்லை. அது தப்புதான். ஆனால் அதுதான் நடந்தது.

நாலு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். எழுத்துப் பிழையாகப் பதிந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு மெயில் போகும், அதை அழுத்தி ஆமாம் நான்தான் என்று சொன்னால்தான் பட்டியலில் இடம். மூன்று முறை திரும்பியது வெளியே. செத்தது அன்றைக்கே வெளியே. ஒரே மூச்சில் அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினாள். நூற்றுக்குப் பதினொன்று திரும்பியது ஒன்றுக்குக் கீழே இறங்கியது. ஐம்பத்திரண்டாயிரம் பெயரில் மிஞ்சியது முப்பத்தோராயிரம்.

ஆனால் வெட்டிய பெயர்களை அடியோடு அழிக்க முடியாது. ஒரு பெயரை அழிக்க முதலாளியின் கையெழுத்து வேண்டும், அவர் போடவே மாட்டார். "நான் சேத்த பேரும்மா அது, ஒவ்வொண்ணும்!" என்பார். எனவே வெட்டியதெல்லாம் ஒரு தனிப் பட்டியலில் கிடந்தது. ஆபீஸில் அதற்குச் சுடுகாடு என்று பெயர். அங்கே இருபத்தோராயிரம் முகவரிகள். அதில் ஒன்று சாகாதது.

அது தங்கையின் பழைய முகவரி.

தங்கை கட்டிக்கொண்டவன் லாரி ஓட்டுகிறவன். வெளியே போனால் ஊருக்கெல்லாம் நல்லவன். வீட்டுக்குள் வந்தால் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். தங்கையின் போன், மெயில், பாஸ்வேர்டு எல்லாம் அவன் கையில். கடைசியாக அடித்தபோது தோள்பட்டை எலும்பு உடைந்தது. அவன் லோடு ஏற்றப் போன ஒரு மத்தியான வேளையில் கத்திரி டாக்சி பிடித்துப் போய், தங்கையைக் கட்டிய துணியோடும் வெறும் காலோடும் அழைத்து வந்தாள். நகரத்தின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தாள். அவனுக்கு அந்தத் தெரு தெரியாது. தெரியவே கூடாது. "என்னைக் கண்டுபிடிச்சா கொன்னுடுவான் அக்கா" என்று தங்கை சொன்னது மிகைப்படுத்திச் சொன்னதல்ல.

வெறும் காலோடு வந்தவளுக்குச் செருப்பு வேண்டுமே. அங்கேதான் கத்திரி சறுக்கினாள். கம்பெனியில் தங்கைக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தது. ரசீது மெயில் போகாமல் ஆபீஸ் பக்கமிருந்தே ஒரு ஜோடி பதிந்து, டெலிவரிக்குப் புது வீட்டு முகவரியைப் போட்டாள். செருப்பு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்குச் சுரீர் என்றது. அந்தக் கணக்கில் இருக்கும் மெயில், அவன் பிடியில் இருக்கும் அதே மெயில். மெயிலையோ வீட்டு முகவரியையோ மாற்றலாம் என்றால், மாற்ற அனுமதி கேட்டு அந்தப் பழைய மெயிலுக்கே சேதி போகும். அழிக்கலாம் என்றால் முதலாளி கையெழுத்து. ஆகவே தன் கையாலேயே அந்த முகவரிக்கு எதிரே "இல்லாத முகவரி" என்று குறித்துச் சுடுகாட்டில் போட்டாள். நாலு வருஷத்தில் அந்தப் பட்டியலில் அவள் எழுதிய ஒரே பொய் அது.

ஆறு வாரம் கழிந்தது. தங்கையை எலும்பு டாக்டரிடம் காட்ட கத்திரி அரைநாள் லீவு போட்டாள். டாக்டர் கட்டைப் பிரித்தார். "கையைத் தூக்கலாம், வெயிட் மட்டும் தூக்காதீங்க" என்றார். மறுநாள் தங்கை ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டபோது, "யூனிஃபார்மை இஸ்திரி போடணும் அக்கா" என்று சிரித்துக்கொண்டே படியேறினாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டே கத்திரி ஆபீஸுக்குப் போனாள்.

மணி பன்னிரண்டு ஐந்து. மீசை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"புதுக் கிளை திறக்கறாங்கள்ல... கத்திரி வர்றதுக்குள்ள எல்லாருக்கும் மெயில் போயிடணும்னுட்டார். சுடுகாட்டுல இருக்கறவங்களையும் எழுப்புன்னார். நான் முடியாதுன்னேன். சட்டையப் புடிச்சுச் சுவத்துல மோதிட்டார்." பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினார். வீங்கியிருந்தது. "பத்தரைக்கு அனுப்பிட்டேன்."

அவள் அந்த மெயிலைத் திறந்தாள். முதல் வரியிலேயே வாடிக்கையாளரின் பெயர், அதன்கீழே அவர் வீட்டு முகவரி, "இங்கிருந்து எங்கள் புதிய கிளைக்கு வழி இதோ" என்று ஒரு வரைபடம். ஒவ்வொருவருக்கும் கடைசியாகச் செருப்பு டெலிவரி ஆன முகவரியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும்.

திரும்பி வந்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. இல்லாத முகவரி, இல்லாத முகவரி, பெட்டி நிரம்பிவிட்டது, இல்லாத முகவரி. நாலு வருஷமாக ஒன்றுகூடத் திரும்பக் கூடாதென்று உயிரை விட்டவள், அன்றைக்கு ஒன்றே ஒன்று திரும்பியிருக்க வேண்டுமென்று கடவுளிடம் கெஞ்சினாள். தங்கையின் பெயரைத் தட்டித் தேடினாள்.

அதில் இல்லை. போய்ச் சேர்ந்தவற்றில் இருந்தது. பதினொன்று பத்துக்குத் திறக்கப்பட்டது. பதினொன்று பன்னிரண்டுக்கு வரைபடம் அழுத்தப்பட்டது.

அவன் வீட்டிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒரு மணி நேரம்.

தங்கைக்கு வாங்கிக் கொடுத்த புதுப் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் சத்தத்தை அணைத்த போன், திரும்பப் போட மறந்திருப்பாள். போலீஸுக்குப் பேசிக்கொண்டே படிகளில் ஓடினாள். டாக்சிக்காரரிடம் தெருவைக் கத்திச் சொன்னாள். வழியெல்லாம் எண்ணினாள். முந்நூறைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போனாள்.

மூன்றாவது மாடியில் கதவு ஒரு பக்கக் கீலில் தொங்கியது. உள்ளே நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவன் தங்கையின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து அவள் முகத்தைச் சமையல் மேடையில் மோதிக்கொண்டிருந்தான். நிதானமாக மோதினான். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு வார்த்தை சொன்னான்.

"எனக்கு. வழி. காட்ட. ஆள். இருக்கு."

கத்திரி அவன் முதுகில் பாய்ந்தாள். காதைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, விடவில்லை. அவன் அவளை உதறிச் சுவரில் அடித்தான், விழுந்தவளின் விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மார்பில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான். "எல்லாம் உன்னாலதாண்டி" என்றான். அவளுக்குக் கண் இருட்டியது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அலமாரி ஞாபகத்துக்கு வந்தது.

தங்கை எழுந்தாள். மூக்கு உடைந்து முகமெல்லாம் ரத்தம். மேஜைமேல் யூனிஃபார்ம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டி. வெயிட் தூக்காதே என்று டாக்டர் காலையில் சொன்ன அதே கையால் அதைத் தூக்கி, அவன் பக்கவாட்டு முகத்தில் அழுத்தினாள். அவன் அலறினான். அலறியபடி திரும்பியவனின் நெற்றியில் அதன் கூர்முனையால் ஒன்று போட்டாள். இன்னொன்று. அவன் சரிந்த பிறகும் கையை ஓங்கினாள். கத்திரிதான் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தாள்.

"போதும்டி. போதும். விழுந்துட்டான்."

போலீஸ் வந்து பார்த்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துச் சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவன் உயிர் பிழைத்தான். பாதி முகம் வெந்து, காவலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்ததில் யாருக்கும் ஒன்றும் சந்தோஷமில்லை.

மூன்றாம் நாள் கத்திரி விலாவில் கட்டோடு ஆபீஸுக்குப் போனாள். முதலாளி அவளுக்காகவே காத்திருந்தார். செத்த முகவரிகளுக்கு ஒரே நாளில் அத்தனை மெயில் போனதால், கம்பெனியிலிருந்து எது அனுப்பினாலும் யாருக்கும் போகவில்லை. அவள் சொன்னது அப்படியே பலித்திருந்தது.

"எங்கம்மா போய்த் தொலைஞ்ச? எல்லாம் நின்னுபோச்சு!" என்று கத்தியபடி மேஜையில் கையைத் துழாவினார்.

ஸ்டேப்ளர் அவருக்கு முன்னால் அவள் கைக்கு வந்துவிட்டது. வீசினாள். அவர் அறையின் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை பொலபொலவென்று கொட்டியது. முதலாளி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"சுவத்தைப் பாத்துத்தான் சார் வீசினேன்" என்றாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். சுடுகாட்டிலிருந்து ஒரு பெயரும் இனி வெளியே வரக்கூடாது, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். இருபத்தோராயிரம் பெயரையும் அவள் அங்கேயே நின்று அழிக்கவைத்தாள். மீசைதான் பட்டனை அழுத்தினார். அதோடு அவளும் ராஜினாமாவை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம், அவனிடமிருந்து எடுத்த போனைப் பெண் போலீஸ் ஒருத்தி தங்கையின் முன் வைத்தாள். கேஸுக்கு வேண்டியதையெல்லாம் நகல் எடுத்தாகிவிட்டது. தங்கை தன் பழைய மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு, நிரந்தரமாக மூடு என்ற இடத்தில் விரலை வைத்தாள். நிஜமாகவா என்று போன் கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

ஒரு மாதம் கழித்து அவள், கத்திரியாக அல்ல, அக்காவாக மட்டும் சமையல் மேடையருகே உட்கார்ந்து, தன் போனிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பினாள். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் திரும்பி வந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் தங்கை. அவளுக்கு ஒரு கண் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"உங்கள் மெயிலைச் சேர்க்க முடியவில்லை. இந்த முகவரியில் யாரும் இல்லை."

தங்கை மேடையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதே மேடை.

"இன்னொரு தடவை படி அக்கா" என்றாள்.