நாற்பத்தைந்து பிளஸ் கவுண்டர்

1. அரை உருண்டை

சூளகிரிப் பக்கம் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கேண்டீன் மேனேஜராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். சாம்பாரில் பல்லி என்று புரளி கிளம்பி மொத்த ஷிப்டும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்துபோன நாளையெல்லாம் சமாளித்தவன் நான். என்னை உண்மையில் ஆட்டிவைத்தது பாதி உருண்டை களி. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று அதை எழுதி வைக்கிறேன்.

ஒருநாள் பிளாண்ட் ஹெட் கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனியின் மொத்த நிர்வாகமும் அவர் கையில். எப்போதும் கருகருவென்ற தலைமுடியோடு வருவார். அவர் அறையில் பெங்களூரிலிருந்து வந்த டயட்டீஷியன் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம ஆளுங்களுக்கு வயசாவுதுப்பா. முட்டி வலி, முதுகு வலி, சுகரு, பிரஷருன்னு மெடிக்கல் லீவு எகிறிக்கிட்டே போவுது. சாப்பாட்ட மாத்தினா வயசாவறத கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு இவங்க சொல்றாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குத் தனி கவுண்டர் போடு” என்றார்.

அந்தப் பெண் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. கேழ்வரகுக் களி பாதி உருண்டை, கொள்ளு மசியல், கீரை, அவித்த முட்டை, மோர். சாப்பிட்டதும் கேட் வரை ஒரு நடை. விட்டமின் மாத்திரை வேண்டுமென்றால் ரத்தம் பரிசோதித்து, குறைவு இருந்தால் மட்டும் டாக்டர் எழுதித் தரவேண்டும், தானாக வாங்கி விழுங்கக் கூடாது. எல்லாம் நியாயம்தான். அதற்கு மேல் ஒரு காரியம் செய்தார்கள். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு வேண்டுமாம். அதனால் கவுண்டரில் ஐடி கார்டைத் தட்டினால் மேலே இருக்கும் ஸ்கிரீனில் பெயரும் வயதும் வரும்படி வைத்தார்கள். வயது சிவப்பு எழுத்தில், சாப்பாட்டு ஹாலின் கடைசி மேஜைக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வரும்.

முதல் நாள் நாற்பத்தைந்து தாண்டியவர் ஒரு ஆள்கூட வரவில்லை. தளி, உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து வருகிற ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

“வூட்லயும் முத்தெ, இங்கயும் முத்தெயா சார்? அதுலயும் பாதி! மீதிய யாரு துன்னாங்க?” என்று ஒருவர் கேட்டார். களியை அவர்கள் கன்னடத்தில் முத்தெ என்றுதான் சொல்வார்கள்.

வந்தவர்கள் எல்லாம் ஜிம்முக்குப் போகும் டிரெய்னி பையன்கள். முட்டைக்காக வந்தார்கள். கார்டைத் தட்டினால் இருபத்திரண்டு என்று காட்டியது, திருப்பி அனுப்பினோம். முட்டையை விரும்பியவனுக்கு வயதில்லை, வயதிருந்தவனுக்கு முட்டை வேண்டாம். அன்று அடுப்படியில் நாங்களே உட்கார்ந்து களியைத் தின்று தீர்த்தோம்.

2. லிஸ்ட்

கிண்டல் என்றால் நாலு நாளில் ஓய்ந்திருக்கும். விஷயம் அது இல்லை. அப்போது கம்பெனியில் வி.ஆர்.எஸ். வரப்போகிறது, ஒரு தொகையைக் கையில் கொடுத்து வயதானவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வயதைக் கேட்டுப் பெயரைப் பதிகிற கவுண்டர் திறந்தால் ஜனம் என்ன நினைக்கும்? கீரைக்கு வரிசையில் நிற்கிறவன் பெயர்தான் லிஸ்ட்டில் முதலில் ஏறும் என்று தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் முடிவே கட்டிவிட்டார்கள்.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! ஐம்பது தாண்டியவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகவே பரோட்டாவை இரண்டு முறை வாங்கினார்கள். சுகர்காரர்கள் சூப்பர்வைசர் பார்க்கிற மாதிரி நின்று ஜிலேபி தின்றார்கள். முட்டி வலிக்காரர் ஒருவர் மாடிப்படியை ஓடி ஏறிவிட்டு, மேலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முதுமையைத் தள்ளிப்போட நாங்கள் திறந்த கவுண்டர் அதைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. எனக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. நான் கான்ட்ராக்ட் ஆள், என் கார்டை அந்த மெஷின் எடுக்காது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

3. மாதப்பன்

பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு அச்சு மாட்டுகிற டை செட்டர் மாதப்பன். வயது ஐம்பத்தாறு, உத்தனப்பள்ளிக்காரர், ஐம்பத்தெட்டில் ஓய்வு. இளைய பெண் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முடிகிறவரை அவருக்குச் சம்பளம் வந்தாக வேண்டும்.

ஒருநாள் மதியம் மேஜைக்கு அடியில் அவர் இடது கால் ஷூவைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்தேன். சாக்ஸ் விரலோடு ஒட்டியிருந்தது.

“என்னண்ணா இது?”

“ஷூ கடிச்சிருச்சிங்க சார்.”

“எப்ப?”

“ஆச்சிங்க, ஒரு மாசத்துக்கு மேல. ஆறவே மாட்டேங்குது.”

“சுகர் எவ்வளவு இருக்கு?”

“அதெல்லாம் கண்ட்ரோல்ல இருக்குதுங்க” என்றவர், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததும் காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு இன்னொரு ஜிலேபி கேட்டார். எனக்கு அப்போது வந்த கோபத்துக்குக் கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன். ஓசூர் டாக்டர் அவரிடம் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதை அவர் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே பிறகுதான் தெரியும்.

கவுண்டருக்கு வர பயம், காலை நினைத்தும் பயம். அதனால் குறுக்கு வழி தேடினார். பெயிண்ட் ஷாப்பில் ஒரு ஆள் ஷிப்டு முடிந்ததும் சத்து பவுடர் விற்றுக்கொண்டிருந்தான். உடம்பில் உள்ள செல்லையெல்லாம் புதுப்பிக்குமாம், பத்து வயது குறையுமாம். மாதப்பன் அதில் ஒரு டப்பா வாங்கி லாக்கரில் வைத்து, சாக்லேட் வாசனையோடு தினமும் இரண்டு வேளை கலக்கிக் குடித்தார். என்னிடம் ரகசியமாகக் காட்டினார். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த சேர்மானத்தைப் படித்தேன். முதலில் இருந்ததே சர்க்கரைதான். பத்து வயது குறைகிறதோ இல்லையோ, விரல் ஒன்று குறைந்துவிடும் என்று சொன்னேன். அவர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

4. ஃபேமிலி டே

வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தினரை உள்ளே அழைத்து, மெஷின்களைச் சுற்றிக் காட்டிச் சாப்பாடு போடுவோம். அந்த வருடம் பிரியாணி. கூடவே நாற்பத்தைந்து பிளஸ் கவுண்டரையும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். அங்கே என் கேண்டீன் பையன் ஒருவன் கரண்டியோடு சும்மா நின்றான்.

மாதப்பன் மனைவி ரத்தினம்மா ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர். குரல் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். நேராக என்னிடம் வந்தார்.

“அந்த கவுண்டரு யாருக்குங்க சார்? ஈ ஓட்டிக்கிட்டு நிக்குது?”

“நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும்மா. களி, கீரை.”

“எங்காளு தெனமும் அதுலதான துன்றதா சொல்றாரு!”

நான் மாதப்பனைப் பார்த்தேன். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தட்டு நிறைய பிரியாணி, ஓரத்தில் ஜிலேபி.

“முத்தெ பேடா, ஜிலேபி பேக்கா?” என்று ஆரம்பித்தார் ரத்தினம்மா. களி வேண்டாம், ஜிலேபி வேண்டுமா என்ற அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் மாதப்பனுக்குத் திட்டு விழுந்தது. கடைசியில் அந்த அம்மாளின் குரல் உடைந்துவிட்டது. “வெரல எடுக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காருங்க சார். வெரலு போனா அப்பறம் காலு. இந்தாளு ஜிலேபி துன்னுக்கிட்டு நிக்குது.”

மாதப்பன் மனைவியின் காதருகே குனிந்து, “அது லிஸ்ட்டு லைனுடி. அதுல நின்னா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. பாப்பா படிப்பு என்னாவறது?” என்றார். காதருகே சொன்னதுதான், ஆனால் பக்கத்திலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

ரத்தினம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பிளாண்ட் ஹெட் பிரியாணித் தட்டோடு நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனார்.

“சார், உங்களுக்கு நாப்பத்தஞ்சு ஆயிடுச்சிங்களா?”

“ஆயிடுச்சும்மா” என்று சிரித்தார் அவர்.

“அப்ப உங்க சோறு அங்க இல்ல இருக்குது? எங்காளுக்கு மட்டுந்தான் கீரையா, உங்களுக்குப் பிரியாணியா?”

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் மனிதரைப் பாராட்டத்தான் வேண்டும். தட்டைக் கீழே வைத்தார், நடந்து போனார், கார்டைத் தட்டினார். ஸ்கிரீனில் சிவப்பாக ஐம்பத்தேழு வந்தது.

“அய்யய்ய, எங்காள விட ஒரு வருசம் பெரியவரு!” என்றார் ரத்தினம்மா.

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிளாண்ட் ஹெட் தலைமுடியைத் தடவிக்கொண்டு தானும் சிரித்தார். அவருக்குப் பின்னால் பர்ச்சேஸ் மேனேஜர், குவாலிட்டி மேனேஜர் எல்லாரும் வேறு வழியில்லாமல் வந்து நின்றார்கள். அதற்குப் பின்னால் மாதப்பனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார் ரத்தினம்மா. மறுநாளிலிருந்து கவுண்டரில் கூட்டம். மேனேஜர்களே நிற்கிற லைனில் என்ன லிஸ்ட் வந்துவிடும் என்ற தைரியம் எல்லாருக்கும் வந்துவிட்டது.

மாதப்பன் பெயிண்ட் ஷாப் டப்பாவை விட்டார், ஜிலேபியை விட்டார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டார், ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் தினமும் கட்டு மாற்றிக்கொண்டார். இரண்டு மூன்று மாதத்தில் புண் மூடிக்கொண்டது. கீரையால் ஆறியது என்று கதைவிட மாட்டேன், எல்லாம் சேர்ந்துதான் ஆறியது. அதற்குப் பிறகுதான் கேட் வரை நடக்க அவரை விட்டார்கள்.

5. நோட்டீஸ்

அடுத்த வருடம் வி.ஆர்.எஸ். நோட்டீஸ் வந்தேவிட்டது. முதலில் போனவர் யார் தெரியுமா? அறுபது வரை இருந்திருக்க வேண்டிய பிளாண்ட் ஹெட். மாலை போட்டு, மொமெண்டோ கொடுத்து, காரில் ஏற்றி அனுப்பினார்கள்.

“நாங்க அன்னிக்கே சொன்னோமில்ல? லைன்ல மொதல்ல நின்னவரு மொதல்ல போயிட்டாரு” என்று பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் மதியம் பரோட்டா கவுண்டரில் நெரிசல். கீரை அப்படியே ஆறிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தோம். பத்து பேர் பார்க்க ஒருவன் வயதைச் சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டு, அவனை நிம்மதியாகக் கீரை தின்னச் சொன்னால் எப்படித் தின்பான்? ஆரோக்கியச் சாப்பாடு போடுகிறவர்கள் அதை எல்லாருக்கும் பொதுவாகப் போடுங்கள், வயதைக் கேட்காதீர்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி ஸ்கிரீனைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“இருக்கட்டும் சார், சாப்பிட்ட அப்பறம் கழட்டுங்க” என்று கீழிருந்து குரல் கேட்டது. மாதப்பன் தட்டோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். கார்டைத் தட்டினார். ஐம்பத்தேழு என்று வந்தது.

“அண்ணா, அந்தப் பக்கம் போவாத! அடுத்து நீதான்!” என்று பரோட்டா வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

மாதப்பன் திரும்பி அந்த வரிசையையே பார்த்தார். “லிஸ்ட்டுல போட்டா போடட்டும்டா. வேல இன்னும் கொஞ்ச நாளுதான். காலு அதுக்கப்பறமும் வேணுமில்ல?”

நான் ஸ்டூலை விட்டு இறங்கி அவருக்குப் பரிமாறினேன்.