கடைசிச் சீட்டு எங்களுக்கு

ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. ராக்கெட் தளம் எங்களுக்கு வடக்கே, ஏரியைத் தாண்டினால் வந்துவிடும். முந்தின நாளே கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள், படகெல்லாம் கரையேறிவிடும். பெரியவர்களுக்கு அது பிழைப்பு கெட்ட நாள். எங்களுக்கோ பொங்கலும் மாசி மகமும் சேர்ந்து வந்த நாள். நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அப்படியொரு நாளில்தான் எங்கள் குடியிருப்பு எரிந்தது. என் வாழ்நாளிலேயே சந்தோஷமான நாள் அதுதான் என்று பல வருடம் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குடியிருப்பு என்றால், கடல் உள்ளே புகுந்து குடிசைகளை வாரிக்கொண்டு போன பிறகு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி. கீழ்த்தளம், அதற்கு மேல் மூன்று மாடி. கலங்கரை விளக்கத்தை விட்டால் எங்கள் பக்கத்தில் அதுதான் உயரம். சாவியைக் கையில் கொடுத்த அன்றே தகராறு ஆரம்பித்துவிட்டது. மேல்மாடி யாருக்கும் வேண்டாம். தண்ணீர்க் குழாய் கீழே ஒன்றே ஒன்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி யார் ஏறுவது?

இந்த மாதிரிச் சண்டைக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு மருந்து உண்டு. அதன் பெயர் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே நிலைத்துவிடக் கூடாது. முறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதையே வீட்டுக்கும் போட்டார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு பானையில் சீட்டுப் போட்டுக் குலுக்குவது, எந்த வீடு வருகிறதோ அந்த வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு கிளம்புவது. கணக்கெடுக்க வருகிற அதிகாரி, போன வருடம் பார்த்த கதவைத் தட்டினால் வேறு குடும்பம் எட்டிப் பார்க்கும். அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போவார்.

தண்ணீர் சுமக்கிறவர்கள் பெண்கள் என்பதால் வீட்டுக்குப் போட்ட பாடு பெண்கள் கையில் இருந்தது. அதில் ஒரு சட்டம் இருந்தது. பானையைப் பிடிக்கிறவள் சீட்டு எடுக்கக் கூடாது. எல்லோரும் எடுத்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் அவளுக்கு. பிடித்தவள் ஏதாவது தில்லுமுல்லு செய்தாள் என்று நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது, பாருங்கள்.

அந்த வருடம் பானையைப் பிடித்தது என் அம்மா. மிஞ்சியது மேல்மாடி.

"ஏம்மே, உன்ன யாரு பானையப் புடிக்கச் சொன்னது?" என்று நைனா ஒரு வாரம் புலம்பினார். நான் குதித்தேன். மேல்மாடியில் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். அதற்கு மேலே மொட்டை மாடி. ராக்கெட்டுக்குப் பக்கத்து வீடே எங்களுடையதுதான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

அந்த வீட்டில் எங்களுக்கு முன்பு இருந்தவர் சித்தப்பா. நைனாவின் தம்பி. படி ஏறுவதென்றால் அவருக்கு வேப்பங்காய். அதனால் ஏரிப் பக்கத்து ஜன்னல் கம்பிகளை அறுத்து எறிந்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சட்டத்தில் ஒரு கப்பியை மாட்டி, கரைவலை இழுக்கிற தடிக் கயிற்றைப் போட்டு, குடம், அரிசி, கேஸ் சிலிண்டர் என்று சகலத்தையும் கீழேயிருந்து இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தியைக்கூட அதில் ஏற்றுவார் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அந்த ஓட்டை ஜன்னலால் அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தையே நின்றுபோனது. பிள்ளை விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று அம்மா கேட்டாள். "நாளிக்கு வெல்டிங்காரன இட்டாறேன் அண்ணி" என்றார் சித்தப்பா. அவருடைய 'நாளைக்கு' எங்களுடைய 'நாளைக்கு' மாதிரி அடுத்த நாளே வருவதில்லை. மாதங்கள் போயின. அம்மா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் அதே கப்பியில் அம்மா தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். கயிறு நைந்தபோது புதுக் கயிறு மாற்றியதும் அவளே. வெளியே சொன்னால் தோலை உரிப்பேன் என்றாள். நான் சொல்லவில்லை.

ராக்கெட் நாள் வந்தது. காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் மொட்டை மாடிக்கு ஓடினோம். பெண்களும் ஏறி வந்தார்கள். ஆண்கள் கீழே மணலில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். நைனாவும் சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார்கள். அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். ஊரே வானத்தைப் பார்க்கும் நேரத்தை விட்டால் தண்ணீர் ஏற்ற வேறு நல்ல நேரம் அவளுக்கு ஏது?

முதலில் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் ஒரு நெருப்புத் துண்டு மேலே கிளம்பியது. நாங்கள் கத்திய கத்தலில் ஏரியில் இருந்த பூநாரைகள் எழும்பியிருக்கும். சத்தம் பின்னால்தான் வரும். அது நெஞ்சுக்குள் வந்து குலுக்கும். அதற்காகக் காத்துக்கொண்டிருந்தபோது எங்கள் முதுகுப் பக்கம் கறுப்பாகப் புகை வந்தது.

"ராக்கெட்டுப் பொகை இங்க வந்துட்ச்சுடோய்!" என்று நான்தான் முதலில் கூவினேன். பிள்ளைகள் எல்லாம் கைதட்டின. பெரியவர்களும் ஒரு கணம் சிரித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பிறகு நாற்றம் வந்தது. நைலான் எரிகிற நாற்றம் எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

வருடா வருடம் வீடு மாறுகிறவர்கள் வலையை மாடிக்குச் சுமப்பார்களா? எல்லோருடைய வலையும் மிதவையும் மோட்டார் எண்ணெய் கேன்களும் கீழே படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன. அதற்கு நேர் மேலே மின்சார மீட்டர் பெட்டி. அதிலிருந்து ஒரு பொறி விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். கட்டடத்துக்கு இருந்தது ஒரே படிக்கட்டு; அதுவே புகைபோக்கி ஆகிவிட்டது.

அம்மா புகைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். "எல்லாம் எங்க வூட்டுக்கு வாங்க. மூச்ச அடக்கிகினு வாங்க. கயிறு கீது" என்றாள். கையைக் கோத்துக்கொண்டு ஒரு மாடி இறங்கினோம். எங்கள் வீட்டில் அத்தனை பேர் நுழைந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா கதவை அடைத்து, அப்போதுதான் ஏற்றி வைத்திருந்த தண்ணீரில் புடவையை நனைத்து இடுக்கில் எல்லாம் திணித்தாள். ஏரிப் பக்கத்துக் காற்று புகையைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததால் ஜன்னலில் மட்டும் மூச்சு விட முடிந்தது.

கீழே சித்தப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "அண்ணி, ஜன்னலு! ஜன்னலாண்ட வா அண்ணி!"

அம்மா எட்டிப் பார்த்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை, "கயித்தப் புடிங்கடா!" என்பதுதான்.

ஆண்கள் கரைவலை இழுக்க நிற்பதுபோல் மணலில் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்தார்கள். முன்னால் நைனா, அடுத்தது சித்தப்பா. எங்கள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் பரணில் கிடந்த பழைய வலையில் சுற்றி, அம்மா கயிற்று முனையில் கட்டினாள். முதலில் கைக்குழந்தையோடு சித்தி இறங்கினாள். நாற்காலி ஆடி ஆடி இறங்கியது, கீழே "மெல்ல! மெல்ல!" என்று ஒரே குரலாகச் சொல்லிக் கயிற்றை விட்டார்கள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. திருவிழா ராட்டினத்தில் உயிரையே கொடுத்தாலும் இந்த மாதிரி இறக்கிவிட மாட்டார்கள்.

அடுத்தது நான்தான் என்று முன்னால் போய் நின்றேன். எங்கள் வீடு, எங்கள் ஜன்னல், எங்கள் நாற்காலி. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி, வரிசைக்குக் கடைசியில், கதவை ஒட்டி நிறுத்தினாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னோடு படிக்கிற பையன் போனான், என்னைவிடச் சின்னவள் போனாள், கிழவிகள் போனார்கள். ஒவ்வொருவரும் இறங்க இறங்க நான் ஓர் அடி முன்னால் வருவதும், அம்மா கண்ணாலேயே என்னைப் பின்னால் தள்ளுவதுமாக இருந்தது. கதவுச் சாயம் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. அதை விரலால் குத்திப் பார்த்துச் சுட்டுக்கொண்டேன்.

பாதி பேர் இறங்கியிருப்பார்கள். கீழே ஏதோ எண்ணெய் கேன் வெடித்தது, தரையே அதிர்ந்தது. இரண்டாம் மாடிக்காரி தன் மகனைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் இடித்துத் தள்ளி ஜன்னலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் நெருக்கினார்கள். "எம்புள்ளய மொதல்ல வுடுக்கா, உன் கால்ல வுழறேன்" என்று அழுதாள்.

அம்மா அவளைத் திட்டவில்லை. என்னைக் கைகாட்டினாள். "எம்பொண்ணு அங்க நிக்குது பாரு. கதவாண்ட. அது எறங்காம இந்தக் கயிறு நிக்குமா?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று நான் அழுகையை அடக்கிக்கொண்டு, கவுனை இழுத்துவிட்டு, நேராக நின்றேன். இரண்டாம் மாடிக்காரி தன் பையனோடு வரிசைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் தள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நானும் அம்மாவும்தான் மிச்சம். அதற்குள் கடல் காற்று எழும்பிவிட்டது. புகை திரும்பி ஜன்னலை மூடியது. அம்மா என்னை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்து, வலையை இறுக்கிக் கட்டினாள். "கண்ண மூடிக்கோ" என்றாள். மூடுவேனா? காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் ஏரியைப் பார்த்தபடி தொங்கினேன். அந்தரத்தில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் போதாது என்று, கால் மணலைத் தொட்டதும், "நைனா, இன்னொரு வாட்டி!" என்றேன்.

நைனா என் தலையை, முகத்தை, கைகால்களைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி கயிற்றுக்கு ஓடினார். காலி நாற்காலி புகைக்குள் ஏறி மறைந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. கயிறு அசையாமல் நின்றது. பிறகு கயிறு இரண்டு தரம் வெடுக்கென்று இழுபட்டது. "வுடு! மெல்ல வுடு!" என்று சித்தப்பா அலறினார்.

அம்மா கரிக்கட்டையாக இறங்கி வந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது. மணலில் உட்கார்ந்து இருமி முடித்ததும், "அல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டாள். பொன்னேரியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது நெருப்பு ஒவ்வொரு மாடியாகச் சாப்பிட்டு முடித்திருந்தது. எல்லோருடைய வலையும் போனது, கட்டில் பீரோ போனது, வளர்த்த கோழிகள் போயின. பெண்கள் மணலில் விழுந்து அழுதார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று அதிகாரிகள் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்.

நாங்கள் புயல் பாதுகாப்பு மையத்தில் பெரிய கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுக் கிடந்தோம். அதுவும் எனக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நான் அம்மாவோடு பேசவில்லை. என்னைக் கடைசியில் நிறுத்தியது அவ்வளவு லேசில் மறக்கிற விஷயமா? ஆச்சரியம் என்னவென்றால் நைனாவும் அம்மாவோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார்; முகத்தைப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு தரம் நாற்காலி இறங்கும்போதும் அவர் நிமிர்ந்து பார்த்ததையும், அதில் நான் இல்லாததையும் சித்தப்பா ஒருநாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காக நியாயம் கேட்க நைனாவாவது இருக்கிறாரே என்று பரம திருப்தியாக இருந்தது.

இப்போதும் அதே குடியிருப்பில்தான் இருக்கிறேன். எனக்கும் ஒரு மகள், நாலு வயது. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி மனதுக்குள் பார்த்திருக்கிறேன். ஒரு கணம்கூட என்னால் முடியவில்லை.

கட்டடத்தைச் செப்பனிட்டுத் திரும்பக் கொடுத்த சித்திரையில் பாடு போடக் கூடினார்கள். பானையை யார் பிடிப்பது என்ற பேச்சே வரவில்லை. இரண்டாம் மாடிக்காரி நேராக வந்து அதை அம்மாவின் மடியில் வைத்தாள். "நீயே புடிக்கா" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். நைனா எழுந்து கரைப் பக்கம் நடந்துபோனார். அம்மா பானையைக் குலுக்க ஆரம்பித்தாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்த வருடமும் மேல்மாடியே மிஞ்ச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.