மயில்சாமியின் ரத்தம்

கயல்விழி செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கியவரின் மகள். வேதியியல் படித்து, தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வெட்டுப்பட்டவர்களும் எரிந்தவர்களும் அவளிடம் சின்னப் புட்டிகளில் ரத்தமாக வந்து சேர்வார்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது ஆறுதலாக இருந்தது.

வெண்ணந்தூர் தறிக்காரன் மயில்சாமியின் ரத்தமும் அப்படித்தான் வந்தது. மனைவி வெண்ணிலா சோற்றில் தூக்க மாத்திரையைக் கலந்து கொடுத்து, தூங்கியவனின் மண்டையை ஸ்பேனரால் பிளந்துவிட்டாள் என்று அவன் தம்பி மாதேஸ்வரன் புகார் கொடுத்திருந்தான். வெண்ணிலா சொன்னது வேறு. புருஷன் குடித்துவிட்டுக் கொடுவாளோடு பாய்ந்தான். தடுத்த இடக்கையில் இரண்டு விரல்கள் துண்டாகி விழுந்தன. வலக்கையில் அகப்பட்ட ஸ்பேனரால் அடித்தாள். எழுந்துவிடுவானோ என்ற பயத்தில், விழுந்த பிறகும் அடித்தாள். மாத்திரையை அவனே பல மாதங்களாக விழுங்கி வந்தானாம். யாரும் நம்பவில்லை. விரலை அவளே வெட்டிக்கொண்டாள் என்றான் மாதேஸ்வரன்.

ரத்தத்தில் மாத்திரை இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் வெண்ணிலா தொலைந்திருப்பாள். ஆனால் உடம்புக்குள் போகும் மருந்தைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு பொருளாக மாற்றும். கயல்விழி இரண்டையும் தனித்தனியாக அளந்தாள். அன்றுதான் முதன்முதலாகக் கொடுத்தது என்றால் மருந்து மிகுந்தும், மாறிய பொருள் மிகக் குறைந்தும் இருக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. நாள்பட்டு விழுங்கியவனின் ரத்தம் அது. மறுபடி அளந்தாலும் அதே விடைதான். அப்படியே எழுதி அனுப்பினாள்.

சாட்சி சொல்லச் சம்மன் வந்த வாரம், கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பும்போது மாதேஸ்வரன் இரும்புக் குழாயோடு குறுக்கே வந்தான்.

“எங்கண்ணன் ரத்தத்த வெச்சே அவள ஊட்டுக்கு அனுப்பப் பாக்கறயா?”

முதல் அடியில் தோள் எலும்பு முறிந்தது. விழுந்தவளை வாயிலேயே மிதித்தான். பல் உடைந்து, தன் ரத்தத்தையே விழுங்கியபடி மண்ணில் கிடந்தாள். டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். கையில் மட்டும் ஏதாவது கிடைத்திருந்தால் தானும் நிறுத்தாமல் அடித்திருப்போம் என்று கயல்விழிக்குத் தோன்றியது. வலியைவிட அந்த நினைப்புதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

தோள் கட்டோடு கூண்டேறினாள். செத்தவன் அப்போது தூங்கிக்கொண்டுதானே இருந்தான் என்று அரசு வக்கீல் கேட்டார்.

“விழிச்சிருந்தாரா, தூங்குனாரான்னு ரத்தம் சொல்லாதுங்க,” என்றாள். “அன்னிக்கு மட்டும் கலந்து குடுத்த மாத்திரை இல்லைன்னு சொல்லும்.”

விரல்கள் வெட்டைத் தடுக்கும்போதுதான் போயிருக்கின்றன என்று மருத்துவரும் சொன்னார். வெண்ணிலா விடுதலையானாள்.

கோர்ட் வராண்டாவில் அவள் கயல்விழியிடம் வந்தாள்.

“எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொன்னதுல, அவரு தூங்கிட்டுத்தான் இருந்தாரோன்னு எனக்கே ஆயிப்போச்சுங்க.”

விரல் போன அந்தக் கையைக் கயல்விழி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெண்ணிலா ராசிபுரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எலும்பு கூடி, கயல்விழி வேலைக்குத் திரும்பிவிட்டாள். தெருவில் யாராவது சத்தம் போட்டால் இன்றும் அவள் தோள் தானாகச் சுருங்கிக்கொள்கிறது.